அரைப்பேர்

ஜூன் 3, திங்கள்

விடாத மழை. முகாமையாளர் அறையில் கதிரைக்கு நேர் மேலேதான் ஒழுகுகிறது. கதிரையில் வாளியை வைத்துவிட்டு, மேசையின் ஒரு மூலையில் உட்கார்ந்து நாள் முழுக்க வேலை பார்த்தேன். கூரைத் தகடு மாற்றித் தாருங்கள் என்று கொழும்புக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. நிதியில் இடமில்லையாம்.

பழைய முகாமையாளர் கனடாவுக்குப் போனதிலிருந்து மலைவிளக்கு தொண்டு நிறுவனத்தின் ஹட்டன் கிளைக்கு நான்தான் பதில் முகாமையாளர். எட்டு மாதம் ஆகிறது. சம்பளம் மட்டும் பழைய வெளிக்கள உத்தியோகத்தர் சம்பளமே. குறை சொல்ல இதை எழுதவில்லை. இரவில் பல்லைக் கடிக்கிறாய், எதையாவது எழுதித் தொலை என்று வீட்டில் இவர்தான் ஒரு கொப்பியைக் கொடுத்தார். இவர் கணக்கு வாத்தியார். எல்லாவற்றுக்கும் கொப்பிதான் மருந்து.

இன்று முகாமையாளர் பதவிக்கு விளம்பரம் வந்திருக்கிறது. பணிப்பாளர் ஷாமினி அக்காவே கொழும்பிலிருந்து கூப்பிட்டார். எங்கள் நிறுவனத்தில் யாரும் யாரையும் மேடம், சேர் என்று அழைக்கக் கூடாது. எல்லோரும் அக்கா, அண்ணா, தம்பி.

"லோகா, நீங்களும் விண்ணப்பம் போடுங்கோ. நீங்கள் எங்கட குடும்பத்து ஆள்தானே."

பார்ப்போம் அக்கா என்றேன். பதவிக்குப் பின்னால் ஓடுகிற ஆள் இல்லை நான். விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் பதினான்காம் தேதி.

ஜூன் 6, வியாழன்

டவுனில் ஒரு நீலச் சேலை எடுத்தேன். டிசம்பரில் இவருடைய தங்கை மகளுக்குச் சடங்கு இருக்கிறது, அதற்கு. இவ்வளவு முன்கூட்டியே எதற்கு என்று இவர் கேட்டார். விலை ஏறிவிடும் என்றேன்.

இரவு நிரோவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைக்கு இந்த வருடம் ஓ.எல். பரீட்சை. கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் பயிற்சி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பேனாவை மூடிவிட்டாள்.

"அம்மா, ஒங்கள ஏன் நாங்க வேலைக்கு எடுக்கணும்னு எல்லாம் ஓ.எல்.ல கேக்க மாட்டாங்க."

வாயாடி. அப்பனைப் போல.

ஜூன் 11, செவ்வாய்

கழுகுப்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். மேகலாதான் அங்கே எங்களுடைய தொண்டர். கீழ் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளை. ஏ.எல். பாஸ். ஐந்து வருடமாகக் கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிற்கிறாள். மாதர் சங்கம், கைக்குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பரா, பிறப்புச் சான்றிதழ் எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவள் தலையில்தான். பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் கொடுக்கிறோம்.

அவர்கள் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பெயர் விவரம் எழுதினோம். அவளுடைய அம்மா பிளேன்டீ கொண்டுவந்தார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். மழைக்காலத்தில் கவனமாக இருப்பது நல்லது. அவர்கள் குடும்பம் அந்தக் காலத்தில் டவுன் சுத்தம் பண்ண வந்த ஆட்கள். அதையெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள்.

கிளம்பும்போது கேட்டாள்.

"அக்கா, ஃபீல்ட் ஆபீசர் எடம் ஒண்ணு சும்மா கெடக்குதுல்ல. நான் போடவா?"

"நீ லயத்துக்குள்ளேயே இருக்கிறதாலதான் இந்தத் தோட்டமே நம்ம கையில இருக்கு மேகலா. ஒன்னய ஆபீசுக்கு எடுத்துட்டா இங்க யாரு? பாப்போம். கொழும்புலதான் முடிவு பண்ணுவாங்க."

முகம் தொங்கிப்போனது. வெளிக்கள உத்தியோகத்தர் நியமனம் கிளையின் கையில்தான் என்பது அவளுக்குத் தெரியாது. பக்குவமாகச் சொல்லத்தான் வேண்டும். எல்லாவற்றுக்கும் நேரம் வரும்.

ஜூன் 14, வெள்ளி

விண்ணப்பம் அனுப்பியாயிற்று. கேட்டதற்காக.

ஜூலை 1, திங்கள்

கொழும்பில் நேர்முகப் பரீட்சை. நடுச்சாமத்தில் பஸ் ஏறி, விடியப் போய் இறங்கி, பஸ் நிலையக் கழிவறையில் நீலச் சேலையைக் கட்டினேன். ஒருமுறை கட்டினால் சடங்குக்குள் மடிப்புப் படிந்துவிடும்.

தலைமைக் காரியாலயத்து நடையில் படங்கள் மாட்டியிருக்கிறார்கள். நாங்கள் கைதூக்கிவிட்ட மக்களாம். மூன்றாவது படம் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு துண்டுப் பிரசுரத்துக்காக எடுத்தது. தலையில் கொழுந்துக் கூடை. நான் ஒரு நாளும் கொழுந்து எடுத்தவள் இல்லை. அம்மா எடுத்தார், நான் படித்தேன். அன்றைக்குக் கூடையை ஓர் அக்காவிடம் இரவல் வாங்கி எனக்கு மாட்டிவிட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மூன்று பேர் கேள்வி கேட்டார்கள், எல்லாம் ஆங்கிலத்தில். நிதி அறிக்கை பற்றிக் கேட்டார்கள், சொன்னேன். தோட்ட நிர்வாகத்துடன் தகராறு வந்தால் என்ன செய்வாய் என்றார்கள். போன வருடம் செய்ததைச் சொன்னேன். இரண்டு இடத்தில் நாக்கு இடறியது. நிர்வாக சபையில் இருக்கும் ஒரு பெரியவர் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார் என்றேன். எவ்வளவு ஊக்கமளிக்கிற கதை என்று நெஞ்சில் கை வைத்தார். அதற்குப் பிறகு கேள்வியே வரவில்லை.

வெளியே வந்தால் அடுத்த ஆள் உட்கார்ந்திருக்கிறான். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். பெயர் கௌதமன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், லண்டனில் படிப்பு. படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அக்கா, நீங்கள் எங்கட திட்டத்தால பயனடைஞ்ச ஆளோ?"

எங்கட என்கிறான். இன்னும் உள்ளே கூடப் போகவில்லை.

"பதினாலு வருசமா இங்க வேல செய்றேன் தம்பி" என்றேன். உடனே எழும்பி நின்று மன்னிப்புக் கேட்டான். நல்ல வளர்ப்புத்தான். பெரியவர் கதவைத் திறந்து, அவனுடைய அப்பாவின் பெயரைச் சொல்லித் தோளில் கை போட்டு அழைத்துப் போனார்.

ஜூலை 8, திங்கள்

ஷாமினி அக்கா கூப்பிட்டார்.

"நீங்கள் நல்லாச் செய்தீங்கள் லோகா. ஆனா உண்மையைச் சொன்னால், நீங்கள் தோட்டங்களுக்குள்ள இல்லாட்டி எங்களுக்குக் கை உடைஞ்ச மாதிரி. மக்களோட மக்களா நிக்கிற ஆளை ஒரு மேசைக்குள்ள அடைக்க எனக்கு மனம் வரேல்லை. கௌதமனுக்கு நீங்கள்தான் எல்லாம் பழக்கி விடவேணும். கோவம் இல்லையே?"

"இல்லக்கா."

கோபம் இல்லை. சேலையை அலமாரியின் அடியில் வைத்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது. நிரோ ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

தோட்டத்தில் பேர் போடுவது என்று ஒன்று உண்டு. சொன்ன எடைக்குக் கொழுந்து எடுத்தால் அன்றைக்கு முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். அம்மா மழையில் அட்டைக்கடியோடு நின்று எடுத்துவிட்டு, நிறுக்கும் இடத்தில் அரைப்பேர் வாங்கிக்கொண்டு வந்த நாட்களில் எங்கள் முகத்தைப் பார்க்கவே மாட்டார். எடை குறைந்தது, அரைப்பேர் போட்டார்கள். அதிலாவது ஒரு நியாயம் இருந்தது. என் கூடையில் எது குறைந்தது என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

ஜூலை 12, வெள்ளி

கூரைத் தகடு மாற்றப்பட்டது. ஆள் வந்து அரை நாளில் முடித்துவிட்டான்.

ஜூலை 23, செவ்வாய்

கௌதமன் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. பொல்லாத பிள்ளை என்று சொல்ல முடியாது. பாத்திரத்தைத் தானே கழுவுகிறான். எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்கிறான். கேட்க வேண்டியதைத் தவிர.

இன்று கழுகுப்பாறையில் அவன் போட்ட முதல் கூட்டம். மேகலாவிடம் சொல்லிவிட்டு நான் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டேன். கூட்டம் பகல் கொழுந்து நிறுக்கிற நேரத்தில். அந்த நேரத்தில் கூடையை விட்டுவிட்டு எந்தப் பொம்பளை வருவாள்? பிள்ளைக் காம்பராவில் ஆயாவும் மேகலாவும் தொட்டில் பிள்ளைகளும் மட்டும் இருந்தார்களாம். அவன் கணினியை விரித்துவைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறான்.

"அக்கா, நேரம் பிழை எண்டு ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீங்க கேக்கல தம்பி."

எனக்கு இருந்த சந்தோசத்தை இங்கே எழுதினால் பாவம். எழுதியாயிற்று. மேகலாவும் நேரம் தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று தோன்றுகிறது. என்னத்துக்கு என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

வருவது கோபமா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

ஷாமினி அக்கா கூப்பிட்டார். எங்களுக்குப் பணம் தருகிற வெளிநாட்டு அமைப்பிலிருந்து கரின் என்று ஒரு பெண் வருகிறாராம். அடுத்த மூன்று வருடத்துக்கான பணத்தை அவர்தான் முடிவு செய்வார். அவர்கள் இப்போது ஒரு புதிய விதி வைத்திருக்கிறார்கள். எந்த மக்களுக்கு வேலை செய்கிறோமோ, அந்த மக்களில் ஒருவர் கிளையை நடத்த வேண்டும்.

"அதனால லோகா, அந்த ரெண்டு நாளும் நீங்கள் முகாமையாளரா இருங்கோ. கௌதமன் ஆலோசகர் எண்டு நிப்பார். இது பொய் எண்டில்லை. எட்டு மாசம் நீங்கள்தானே செய்தீங்கள்? இந்தக் காசு வராட்டி ஹட்டன் கிளையையே மூடவேண்டி வரும். பதினொரு பேற்ற சோறு. நீங்கள் அப்பிடி விடமாட்டீங்கள் எண்டு எனக்குத் தெரியும்."

"சரிக்கா" என்றேன். சரி என்று சொன்ன வாயைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இவரிடம் சொன்னேன். விரலில் இருந்த சாக்குக்கட்டித் தூளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"காமன் கூத்துல ராசா வேசம் கட்டுறவன்கூட விடிய விடிய ராசாதான். ஒனக்கு ஆபீஸ் நேரத்துக்கு மட்டுந்தானா?"

அவர் கேட்டது சரிதான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நாளை வருகிறார்கள். எங்கள் காரியாலயத்தில் தட்டச்சு, கணக்கு, வாகனம் மூன்றும் ஜூட் என்ற ஒரே ஆள். அவர்தான் கதவில் இருந்த கௌதமனின் பெயர்ப்பலகைக்கு மேல் என் பெயரை அச்சடித்து ஒட்டினார். நான்கு மூலையிலும் ஒட்டுநாடா.

"பலமா ஒட்டலக்கா" என்றார். "உரிக்கிறப்ப பெயின்ட் போயிரும்."

கௌதமன் தன் கணினியையும் கோப்பையையும் தூக்கிக்கொண்டு வெளி மேசைக்கு வந்தான். என் முகத்தைப் பார்க்க முடியாமல், மேசையில் இல்லாத தூசியைத் தட்டினான். "எனக்கும் இது பிடிக்கேல்லை அக்கா" என்றான். பிடிக்காவிட்டால் கொழும்பிடம் சொல்வதுதானே. என்னிடம் எதற்கு?

சுவரொட்டிகள் வாங்க மேகலா வந்திருந்தாள். வாசலில் நின்று, ஜூட் ஒட்டுவதை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 14, புதன்

நன்றாக இருந்தது. இந்தக் கொப்பியைத் தவிர வேறு எங்கும் இதைச் சொல்ல மாட்டேன்.

கதிரை காய்ந்திருந்தது. நீலச் சேலை. கரின் உயரமான, அமைதியான பெண். சப்பாத்தில் சேறு பட்டதைப் பொருட்படுத்தவில்லை. கேள்விகளை நேராக என்னிடம் கேட்டார். காலை முழுவதும் நானே ஆங்கிலத்தில் பேசினேன். வீட்டுக் காணி உறுதி எடுப்பதில் என்ன தடை, எந்தத் தோட்டத்தில் பிள்ளைகள் எந்த வகுப்போடு படிப்பை நிறுத்துகிறார்கள், ஏன் என்று கேட்டார். ஒரு தாளையும் புரட்டாமல் சொன்னேன். ஷாமினி அக்கா பக்கத்தில் இருந்து தலையாட்டிக்கொண்டே இருந்தார், பிள்ளை மேடையில் பாடும்போது தாய் தலையாட்டுவாளே, அப்படி.

"நீங்கள் எவ்வளவு காலமாக முகாமையாளர்?" என்று கரின் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் "கிட்டத்தட்ட ஒரு வருடம்" என்றார் ஷாமினி அக்கா.

மாலையில் எல்லோரும் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். ஜூட் பூட்டுச் சாவியோடு வந்து எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கழுகுப்பாறைப் பிள்ளைக் காம்பராவில் கூட்டம். அந்திக் கொழுந்து நிறுத்த பிறகுதான் வைத்தோம், ஆகவே நாற்பது ஐம்பது பேர் வந்துவிட்டார்கள். மாதர் சங்கத் தலைவி கரினுக்குப் பொன்னாடை போர்த்தினார். பிறகு "நம்ம மேனேஜரம்மாவுக்கு" என்று எனக்கும் ஒன்று. எல்லோரும் கை தட்டினார்கள். அவர்களுக்கு அது உண்மையான சந்தோசம்.

தோட்டத்து ஆட்கள் பேசுவதை கௌதமன் கரினுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அதுதான் ஏற்பாடு. உங்களில் ஒருவர் முகாமையாளராக இருப்பது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கரின் கேட்டார். அவன் தமிழில் சொன்னான். பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். பின் வரிசையில் மேகலா எழும்பினாள்.

"அவங்க மேனேஜர் இல்லீங்க. இன்னைக்கு அந்தி வரைக்குந்தான் மேனேஜர். நாளைக்கு இந்தா நிக்கிற சார்தான். கதவுல பேர டேப் போட்டு ஒட்டுனத நானே பாத்தேன். பதினாலு வருசமா எங்களுக்காக இந்த மல ஏறி எறங்குனவங்க அவங்க. இந்தத் தோட்டத்துல பொறந்தவங்கன்னா வேலைக்கு வேணும், நாக்காலிக்கு வேணாமா? எங்கள மாதிரி ஆளுகளுக்கு எப்பதாங்க குடுப்பீங்க?"

சிரிப்பு நின்றுவிட்டது. ஷாமினி அக்கா கௌதமனைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. அவன் ஆங்கிலத்தில் சொன்னான்: பதினான்கு வருடமாக இவர் எங்களுக்காக மலை ஏறி இறங்குகிறார், எங்களில் ஒருவர் இந்த இடத்துக்கு வந்தது எங்களுக்குப் பெருமை என்று இந்தப் பெண் சொல்கிறார்.

கரின் புன்னகைத்தார். மேகலாவைப் பார்த்துத் தலையசைத்தார். மேகலாவும் ஒன்றும் விளங்காமல் தலையசைத்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். பணம் வந்திருக்கும். பதினொரு பேர் நிம்மதியாக இருந்திருப்போம். எனக்கு அந்த ஆங்கிலம் விளங்காமல் இருந்திருந்தால் விட்டிருப்பேன். ஜூன் மாதம் முழுக்க என் பிள்ளையை உட்காரவைத்துப் படித்த ஆங்கிலம். போதாது என்று கொழும்பில் நினைத்துக்கொண்ட ஆங்கிலம்.

எழும்பினேன். பொன்னாடை நழுவி விழுந்தது, எடுக்கவில்லை.

அவள் சொன்னது அது இல்லை என்று கரினிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். இன்று அந்தி வரைக்கும்தான் நான் முகாமையாளர் என்று சொல்கிறாள். அது உண்மை. இவர்தான் முகாமையாளர். இந்தப் பதவியை நான் கேட்டேன், எனக்குத் தரவில்லை. உங்களுக்குக் காட்டுவதற்காக இரண்டு நாளைக்குத் தந்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். இறந்தகாலமும் நிகழ்காலமும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டுதான் வந்தன. ஆனாலும் வந்தன. கரினுக்கு எல்லாம் விளங்கியது. பேனாவை மூடிவிட்டார்.

மேகலா கடைசியாகக் கேட்டதை மட்டும் நான் சொல்லவில்லை. அதற்கு எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

வாகனம் ஹட்டன் வந்ததும் ஷாமினி அக்கா சொன்னார்.

"உங்களிட்ட இருந்து இதை நான் எதிர்பாக்கேல்லை லோகேஸ்வரி."

முழுப்பெயரையும் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கதவில் என் பெயர் இல்லை. பெயின்டும் போகவில்லை.

ஜூட் கணக்குக் கோப்பை என் மேசையில் வைத்துவிட்டு நின்றார். "நீங்க சொன்னது ஞாயந்தான்க்கா. ஆனா எனக்கு மூணு புள்ளைக" என்றார்.

மேகலா மேல்தான் ஆத்திரம் வருகிறது. யார் கேட்டார்கள் அவளை? எனக்காகப் பேசச் சொல்லி நான் சொன்னேனா? இவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நானும் மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மேகலா வேலைக்கு வரவில்லை. நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவோம் என்று கழுகுப்பாறைக்கு ஏறினேன். இஸ்தோப்பில் உட்கார்ந்து தம்பியின் சப்பாத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"திட்ட வந்தீங்களாக்கா?"

"ஆமா."

"திட்டுங்க. மொதல்ல உக்காருங்க."

உட்கார்ந்ததும், வழியெல்லாம் கோத்துவைத்திருந்த வார்த்தை ஒன்றையும் காணோம்.

"எனக்காக எதுக்கு அங்க போயி பேசுன?" என்றேன்.

"ஒங்களுக்காக பாதி. எனக்காக பாதி." ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்தாள். "அந்த சார் மாத்திச் சொன்னாரு, நீங்க எந்திரிச்சி சரியா சொன்னீங்க. என்னா சொன்னீங்கன்னு ஜூட் அண்ண எனக்கு ஒண்ணுவிடாம சொன்னாரு. ஆனா கடேசியா ஒண்ணு கேட்டேன்ல? எங்கள மாதிரி ஆளுகளுக்கு எப்பதான் குடுப்பீங்கன்னு. அத நீங்களும் சொல்லலியாமே."

"அது அவங்கள கேட்டது."

"இல்லக்கா. ஒங்களப் பாத்துதான் கேட்டேன்."

அவளுடைய அம்மா பிளேன்டீயைக் கொண்டுவந்து எனக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். வழக்கமாக வைக்கிற இடம்தான். நான் எடுக்க மாட்டேன் என்று அந்த மனுசிக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஐந்து வருடமாகக் கொண்டுவந்து வைக்கிறார்.

"நீ தோட்டத்துக்குள்ள இல்லாட்டி மேகலா, எங்களுக்கு..." என்று ஆரம்பித்தேன். அந்த வசனம் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். ஜூலையில் போனில் கேட்டிருக்கிறேன். பாதியில் நிறுத்தினேன். அவள் மிச்சத்துக்குக் காத்திருந்தாள். மிச்சம் இல்லை.

எழும்பிப் போய் டீயை எடுத்துக் குடித்தேன். சீனி அதிகம். ஆறியும் இருந்தது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கொழும்பிலிருந்து கடிதம். என்னை ஹட்டன் கிளை முகாமையாளராக நியமித்திருக்கிறார்கள், நாளை மறுநாளிலிருந்து. கரினின் அமைப்பு பணத்தை நிறுத்தவில்லை. பாதியைத் தந்துவிட்டு, இந்த நியமனம் நடந்தால்தான் மற்றப் பாதி என்று சொல்லியிருக்கிறதாம். ஷாமினி அக்கா கூப்பிடவில்லை. கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பந்தி: ஆறு மாதம் தகுதிகாண் காலம். வேலை திருப்தியாக இருந்தால் நிரந்தரம்.

பதினான்கு வருடமும் எட்டு மாதமும் அவர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

கௌதமன் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொல்லிவிட்டுப் போக வந்தான். அவன் கொழும்பில் மூத்த ஆலோசகர் ஆகிறான், சம்பளமும் கூடுதலாம். விழுந்தாலும் மேல்படியில் விழுகிறான்.

"அண்டைக்கு நான் மாத்திச் சொன்னது பிழை அக்கா. பயந்திட்டன்."

"தெரியும் தம்பி. ஒங்களுக்கு எத்தன மாசம் தகுதிகாண் காலம் போட்டாங்க?"

விளங்காமல் பார்த்தான். "எனக்கு அப்பிடி ஒண்டும் போடேல்லையே" என்றான்.

இவர் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பு என்றார். இரவு வெகுநேரம் யோசித்தேன். திருப்பி அனுப்பினால் கொழும்பில் ஒருவர் கூட வருத்தப்பட மாட்டார். ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதினேன். நல்ல மனதோடு எழுதவில்லை.

செப்டெம்பர் 2, திங்கள்

முகாமையாளராக என் முதல் கையெழுத்து, வெளிக்கள உத்தியோகத்தர் நியமனக் கடிதத்தில். ஜூட் பழைய கடிதம் ஒன்றைப் பார்த்து அடித்துக் கொண்டுவந்தார். அதிலும் அந்தப் பந்தி இருந்தது. ஆறு மாதம் தகுதிகாண் காலம்.

"இத எடுங்க ஜூட்."

"கொழும்புல கேப்பாங்கக்கா."

"கேக்கட்டும். அஞ்சு வருசம் சும்மா வேல வாங்குனமே, அத யாரும் கேக்கலல்ல."

அடித்துக் கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்டேன்.

அந்தியில் மேகலா வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றப் போனாள், வேண்டாம் என்றேன். எதிர்க் கதிரையில் நுனியில் உட்கார்ந்து, கடிதத்தை வாங்கி மெதுவாக, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். திருப்பி வைத்துப் பின்பக்கமும் பார்த்தாள்.

"முழுப்பேர்தானாக்கா?"

"முழுப்பேர்தான்."

என்னுடையதற்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது.